உபைதா கீழே வைத்த கோப்பை

உபைதாவின் சீருடையைத் துவைத்தது நான்தான். மெஷினில் போட்டால் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளிப் பட்டை உரிந்துவிடும் என்று அவன் உத்தரவு போட்டிருந்தான். அதனால் குளியலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையாலேயே கசக்குவேன். ஆம்புலன்ஸில் போய் வருகிறவன் துணியில் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் கீழ் வீட்டுக்காரர் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி துவைக்கிற நாளில் வாளித் தண்ணீரைப் பார்க்க முடியாது. உபைதாவின் தண்ணீரோ மணக்கும். காலரிலிருந்து இறங்குவது தலைக்குப் பூசுகிற பசை, அக்குளிலிருந்து இறங்குவது சென்ட். முழங்கால் இரண்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கும். தரையில் முட்டி போடாமல் இந்த வேலையை எப்படிச் செய்ய முடியும் என்று யோசித்துக்கொண்டே பிழிந்து காயப்போடுவேன்.

அவன் என் அக்கா நஜாஹின் மூத்த மகன். அவர்கள் ஸர்காவில் இருக்கிறார்கள், மச்சானுக்கு அங்கே டயர் கடை. டாக்டருக்குப் படிக்க மதிப்பெண் போதாமல், அம்மானில் ஒரு கல்லூரியில் அவசர சிகிச்சைப் படிப்பில் சேர்த்தார்கள். "டாக்டருக்கு அடுத்த வீட்டுப் படிப்பு" என்று மச்சான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். அந்தப் படிப்பில் கடைசிக் கோடைக்காலம் முழுவதும் ஏதாவது ஒரு ஆம்புலன்ஸ் நிலையத்தில் பயிற்சி. எங்கள் ஸல்த் ஊரில் நிலையம் என் வீட்டுக்கு இரண்டு திருப்பம் தள்ளி இருப்பதால் இங்கேயே போட்டுக்கொண்டான். என்னைக் கேட்கவில்லை. அவன் பெட்டியோடு வந்து வாசலில் நின்ற பிறகுதான் அக்கா போன் செய்தாள். என் கணவர் அகபா துறைமுகத்தில் இருப்பதால் வீட்டில் இடமில்லை என்று சொல்லவும் முடியாது.

வரும்போதே சாமான்களோடு வந்தான். நிலையத்தில் கொடுப்பது போதாதாம். கால்சட்டையில் கட்டிக்கொள்ள ஒரு பை, அதில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல், விரல் நீளத்துக்கு ஒரு டார்ச், தண்ணீரில் முழுகினாலும் ஓடுகிற கடிகாரம். கருப்பு நிறக் கையுறை ஒரு பெட்டி. எல்லாரும் போடுகிற நீலம் படத்தில் நன்றாக விழாது என்றான். ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிட உட்காருவான். பருப்பு சூப்பில் அது முங்கினால் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வான். ஓட்டுநர் அவனை முன் சீட்டில் ஏற்றுவதில்லை. அதனால் வண்டி நிலையத்தில் சும்மா நிற்கிற நேரம் பார்த்து முன்னால் ஏறி உட்கார்ந்து, தாடையை இறுக்கிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்ப்பது போல வீடியோ எடுப்பான். ராத்திரி சோஃபாவில் படுத்துக்கொண்டு அதைத் தானே திரும்பத் திரும்பப் பார்ப்பான். பார்த்துக்கொண்டிருக்கும்போது தாடை தானாக இறுகும்.

கேஸ் லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் வந்தால் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சின்னம்மா, கேஸ் வந்திருக்கு" என்று சொல்வான். அதோடு சரி.

"நீ போய்த் தூக்கிக்கிட்டு வாயேண்டா."

"சின்னம்மா, எங்க தொழில்ல முதுகுதான் முதல். முதுகு போச்சுன்னா எல்லாம் போச்சு."

"உன் தொழில் இன்னும் உனக்கு வரல. என் முதுகு இப்பவே போயிருச்சு."

அவன் சிரித்து என் தலையில் முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போவான். கோபப்படவும் முடியாது. அதுதான் உபைதா. கெட்டவன் இல்லை. வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான், கையை மார்பில் வைப்பான், யாரை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிடுவான். பண்டிகைக்கு யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எந்த வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தான். வேறு எதற்கும் அவன் பெயர் வாங்கி நான் கேட்டதில்லை.

அந்த நிலையத்தில் அவனை வைத்து வேலை வாங்கியவள் இத்திதால். என் வயதுக்காரி. எங்கள் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வண்டியை யார் ஓட்டினாலும் நோயாளி பக்கத்தில் அவள் சொல்வதுதான் நடக்கும். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று ஒரு காலத்தில் கேட்டவர்கள், இப்போது தங்கள் வீட்டுப் பெண்களுக்கு நெஞ்சு வலித்தால் இத்திதால் இருக்கிறாளா என்று கேட்டு போன் செய்கிறார்கள். பயிற்சி ஆரம்பித்த வாரம் ரொட்டிக் கடையில் பார்த்தேன்.

"உன் அக்கா மகன் ரொம்ப மரியாதையான பையன்" என்றாள். மழைக்காலத்தில் ஒருத்தி வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் அதைப் பார்த்துச் சொல்வது போல இருந்தது.

ஹாஜி மிஸ்பாஹ் வீட்டில் நடந்ததை நான் முதலில் கேட்டது உபைதா வாயால்தான். அதுவும் பெருமையாக. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அக்காவும் மச்சானும் வந்திருந்தார்கள். மக்லூபாச் சோற்றுச் சட்டியைத் தட்டில் கவிழ்த்து, மேலே வறுத்த பாதாம் தூவி வைத்தேன். கத்தரிக்காய் உடையாமல் இறங்கியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. உபைதா பேசிக்கொண்டிருந்தான்.

"நேத்து ஒரு கேஸு வாப்பா, கேட்டா அசந்துருவீங்க. மேல் தெருவுல ஹாஜி மிஸ்பாஹ் வீடு."

"யாரு, பழைய பஸ் டிரைவரா? பெரிய குடும்பமாச்சே" என்றார் மச்சான்.

"அவரேதான். மூச்சு முட்டுது, உக்காரவும் முடியல படுக்கவும் முடியல. அந்தப் படிக்கட்டு இருக்கே, வண்டியெல்லாம் கீழயே நின்னுரும். இத்திதால் அக்கா பையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி ஓடுது. டிரைவர் தூக்கு நாற்காலியோட பின்னாடி. ஆக்சிஜன் சிலிண்டர் என் பொறுப்பு. நான் ஏறிப் போறதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் உள்ள போயிட்டாங்க. வெளி ஹால்ல ஆம்பளைங்க. மகனுங்க, சித்தப்பாமாருங்க, எல்லாம் பெரிய பெரிய ஆளுங்க."

"நீ சலாம் சொன்னியா?" என்றாள் அக்கா.

"சொல்லாம? ஒவ்வொருத்தருக்கா கை குடுத்தேன் உம்மா. மூத்தவரு ஷாஹிர் சொல்றாரு, 'உள்ள பொம்பளைங்க இருக்காங்க தம்பி, தலையில துணி போட்டுக்கட்டும், ஒரு நிமிஷம் உக்காரு'ன்னு. உக்காந்தேன். காப்பி ஊத்திக் குடுத்தாரு. இங்கதான் இருக்கு விஷயம். என் கையில கையுறை. கையுறையோட கோப்பையை வாயில வெச்சா நல்லாவா இருக்கும்? அப்படியே முன்னாடி இருந்த மேசையில வெச்சேன்."

மச்சான் சாப்பிடுவதை நிறுத்தினார். "குடிக்காம வெச்சியா?"

"குடிக்காம வெச்சேன்!"

"அடப் பாவி!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் மச்சான்.

பெண் கேட்கப் போகிறவர்கள், சமாதானம் பேசப் போகிறவர்கள், மன்னிப்பு வாங்கப் போகிறவர்கள்தான் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார்கள். எனக்கு ஒரு தேவை இருக்கிறது, அதைத் தருகிறேன் என்று சொன்னால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். வைத்த பிறகு வீட்டுக்காரன் வேறு வேலை பார்க்க முடியாது.

"ஹால்ல எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்றான் உபைதா. "ஷாஹிர் எழுந்து நிக்கிறாரு. 'உன் தேவை என்ன தம்பி, கூச்சப்படாம சொல்லு'ங்கறாரு. இப்ப நான் என்ன சொல்றது? சும்மா வெச்சேன்னு சொன்னா அவருக்கு எவ்வளவு அவமானம்! எழுந்தேன். தங்கச்சி நிச்சயத்துக்குப் பெரியப்பா பேசினது முழுசும் எனக்கு மனப்பாடம்ல? அல்லாஹ்வைப் புகழ்ந்தேன், நபிமேல ஸலவாத்துச் சொன்னேன், அவங்க குடும்பத்தோட விருந்தோம்பலப் பத்திச் சொன்னேன்…" சோற்றுக் கையோடு எழுந்து நின்று மறுபடி பேசியே காட்டினான். "கடைசியில சொன்னேன், 'இந்தக் குடும்பத்தோட கிரீடமான ஹாஜி மிஸ்பாஹை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எங்களுக்கு அனுமதி தரணும், அதுதான் எங்க தேவை'ன்னு."

"மாஷா அல்லாஹ்" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர்.

"அப்புறம் அவங்க சித்தப்பா பதில் பேசினாரு. நல்லாப் பேசினாரு. உள்ள இத்திதால் அக்கா வேற சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு. பெரியவர் பேசும்போது நடுவுல எழுந்து போக முடியுமா?"

நான் கேட்டேன். "சிலிண்டர் எங்கடா இருந்துச்சு?"

"எது சின்னம்மா?"

"நீ தூக்கிக்கிட்டுப் போனது."

"என்கிட்டதான். ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல கெட்டியாப் புடிச்சிருந்தேன். உருண்டு விழுந்தா ஆபத்துல்ல?"

"பாத்தியா, எவ்வளவு பொறுப்பு" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

"அந்த டிரைவருக்குத்தான் மரியாதையே தெரியல வாப்பா" என்று முடித்தான் உபைதா. "அவ்வளவு பேரு உக்காந்திருக்காங்க, ஒரு சலாம் இல்ல, காட்டான் மாதிரி வந்து என் காலுக்கு நடுவுலருந்து சிலிண்டரைப் புடுங்கிக்கிட்டுப் போறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜி எப்படி இருக்கிறார் என்று நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. வயசாயிருச்சுல்ல சின்னம்மா" என்றான். இன்னும் கொஞ்சம் தயிர் கேட்டான்.

ஹாஜி மிஸ்பாஹ் வீட்டுக்குத் திரும்பியதும், பழங்கள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அந்தப் படிக்கட்டில் ஏறும்போது சிலிண்டரோடு ஏறியவன் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் மேலே போனதும் அது நிற்கவில்லை. ஹாஜி எங்கள் ஊருக்கும் அம்மானுக்கும் பஸ் ஓட்டியவர். கண்ணாடியில் பார்த்தே யார் ஏறுகிறார்கள் என்று சொல்லுவார். நான் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து ஏறினபோதும் என் வாப்பா பெயரைச் சொல்லி, அவர் மகளுக்கு இடம் விடுங்கப்பா என்று பின்னால் இருந்தவர்களை எழுப்பினார். இப்போது ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவர் கண் என் மேல் பட்டது, பிறகு சுவருக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் எதுவும் இல்லாதது போல.

ஷாஹிரின் தாய் என்பதால் உம்மு ஷாஹிர் என்று எல்லாரும் கூப்பிடுகிற அவர் மனைவி அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"மூச்சு வந்துருச்சு. ஆள் வரல" என்றாள் என்னிடம். "இப்படியும் திரும்பி வருவாங்களாம். மூளைக்குக் காத்துப் போகாம இருந்த நேரம் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னாரு. ஏற்கனவே நெஞ்சு கெட்டிருந்துச்சு, எதனாலன்னு அறுதியிட்டுச் சொல்ல முடியாதுன்னும் அவரே சொன்னாரு."

"அன்னைக்கு நீங்க உள்ளதான இருந்தீங்க?"

"அவரு தலையப் புடிச்சுக்கிட்டு நான், முதுகைத் தாங்கிக்கிட்டு அந்த டிரைவர். அந்த ஆம்புலன்ஸ் பொண்ணு அவரு முகத்துல வெச்ச கையை எடுக்க முடியாம கத்துறா, சிலிண்டர், சிலிண்டர்னு. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ நபிமேல ஸலவாத்துச் சொல்றான். இவரு போயிட்டாருன்னு வெளிய முடிவு பண்ணி ஓத ஆரம்பிச்சுட்டாங்கன்னே நினைச்சேன் நான்."

அப்போது ஷாஹிர் உள்ளே வந்தான். நாற்பது தாண்டிய ஆள், வாட்டசாட்டமானவன். தகப்பன் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "உங்க அக்கா மகன்தான அந்தப் பையன்? என்ன வளர்ப்பு, என்ன நாக்கு! இந்தக் காலத்துல அப்படிப் புள்ளைங்க எங்க இருக்கு?" என்றான்.

உம்மு ஷாஹிர் ஈரத் துணியை மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள்.

பயிற்சி முடிந்தது. கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டிய தாளில் இத்திதால் கையெழுத்து மட்டும் பாக்கி. அது இல்லாவிட்டால் அந்த வருஷத்தை முழுசாக மறுபடி படிக்க வேண்டும். மச்சானோ உபைதாவுக்கு இலையுதிர் காலத்தில் நிச்சயம் என்று பெண் வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். பட்டம் வாங்காதவனுக்கு அவர்கள் பெண் தர மாட்டார்கள்.

இத்திதால் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். உபைதா அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த நாள் குனாஃபா இனிப்பு வாங்கிக்கொண்டு போனானாம். அவள் மறுபடி கேட்டாள். அந்தப் பெரிய மனுஷர்களின் மதிப்பு என்ன, நிலையத்துக்கு அவன் எவ்வளவு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தான் என்று பேசினானாம். மூன்றாவது தடவை கேட்டபோது கையை மார்பில் வைத்து, தலையைக் குனிந்து நின்றானாம். இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள், காய்கறிக் கடையில், வெள்ளரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டே.

"நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டுச்சா இல்லையா, அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்" என்றாள். "கேக்கலன்னா அவன் முட்டாள். பரவாயில்ல, இந்த வேலைக்கு எல்லாரும் முட்டாளாத்தான் வர்றோம், போகப் போகச் சரியாயிரும். கேட்டும் உக்காந்திருந்தான்னா வேற. அவனை ஒருத்தர் வீட்டுக்கு என் கையால அனுப்ப முடியாது." வெள்ளரிக்காயைத் திருப்பி வைத்தாள். "வீட்டுல வந்து ஏதாவது சொன்னானா?"

"அதை அவன் வாயாலயே கேளு" என்றேன்.

அவள் இன்னொரு வெள்ளரிக்காயை எடுத்தாள். "கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள்.

மச்சானுக்கு இந்த விஷயம் ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்தது. ஒரு பெண்பிள்ளை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் புருஷனிடம் நாலு பெரிய மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு ஜாஹா என்று கூட்டமாகத் தூது போனால் முடிந்துவிடும். கொலைக்கும் கல்யாணத்துக்கும் போவது போல, ஒரு கையெழுத்துக்காக ஆட்களைச் சேர்க்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடை பேட்டரிக்காரர், ஒரு காலத்தில் நகராட்சித் தேர்தலில் ஜெயித்து அதற்கப்புறம் தோற்றுக்கொண்டே இருக்கிற ஒருத்தர், தூரத்துப் பெரியப்பாமார். தலைமை தாங்கிப் பேச ஷாஹிர், கூடவே அவன் தம்பிமார்.

"ஷாஹிரா?" என்றேன் அக்காவிடம். "அவன் வாப்பாதானடி அங்க சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு?"

"அவராவே கேட்டுக்கிட்டு வர்றாரு. எங்க வீட்டுக் கோப்பைக்கு மரியாதை குடுத்த பையன், அவனுக்காக நான் பேசாம யார் பேசுவான்னாரு. எப்பேர்ப்பட்ட மனசு!"

மனசு ஒன்றுமில்லை. பையன் மேல் தப்பு என்றால், அவனை உட்காரச் சொன்னது யார், காப்பி ஊற்றியது யார் என்று அடுத்த கேள்வி வரும். அது வராமல் இருக்க ஷாஹிர் அடுத்த தெருவென்ன, பாக்தாதுக்கே ஜாஹா போவான். அக்காவிடம் இதைச் சொன்னேன். உனக்கு என் பிள்ளையைக் கண்டாலே ஆகாது என்று அழுதாள்.

இத்திதாலின் கணவர் அபூ யஸன் பள்ளியில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்தவர். வாழ்க்கையில் விசில் ஊதினால்கூடப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்ததில்லை. அவர் வீட்டுக்கு ஜாஹா வருகிறது என்றதும் தெருவெல்லாம் நாற்காலி இரவல் வாங்கினார், புதுக் காப்பிக் குடம் வாங்கினார், முடி வெட்டிக்கொண்டார். அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வரிசையாகப் படியேறி வந்தபோது, வாசலில் ஒவ்வொருவரையும் கட்டிப் பிடித்து வரவேற்றதில் அவருக்கு மூச்சு வாங்கியது.

நானும் அக்காவும் உள்ளே சமையலறைப் பக்கம். நடுவில் ஒரு திரை. இத்திதால் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். சீருடையை மாற்றவில்லை. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே ரொட்டியில் லப்னாக் கட்டித்தயிர் தடவிச் சாப்பிட்டாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாய் வயிறு உனக்குத் தெரியாததா இத்திதால்? ஒரு வருஷம் போயிரும்மா. நிச்சயம் நின்னு போயிரும்."

"தெரியும் உம்மு உபைதா. உங்க பையன் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"என்ன வார்த்தை? சொல்லச் சொல்றேன்."

"நீங்க சொல்லிக் குடுக்கறது இல்ல."

திரைக்கு அந்தப் பக்கம் காப்பி ஊற்றியாகிவிட்டது. இடைவெளியில் பார்த்தேன். ஷாஹிர் கோப்பையை வாங்கி, உதட்டுக்குக் கொண்டுபோகாமல், முன்னால் மேசையில் வைத்தான். வரிசையில் இருந்த எல்லாரும் வைத்தார்கள். கடைசி நாற்காலியில் உபைதாவும் வைத்தான். நான் கையால் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். இந்தத் தடவை கையுறை இல்லை.

ஷாஹிர் எழுந்து பேசினான். அல்லாஹ்வைப் புகழ்ந்தான், நபிமேல் ஸலவாத்துச் சொன்னான். அபூ யஸன் குடும்பத்தின் விருந்தோம்பலைச் சொன்னான், இத்தனைக்கும் அந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. இளைஞர்களின் எதிர்காலம் பற்றிப் பேசினான். ரொட்டி மென்றுகொண்டே இத்திதால் கவனித்துக்கொண்டிருந்தாள். "தேவை என்னவென்று உங்களுக்குத் தெரியும், அதை வாயால் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம்" என்று ஷாஹிர் முடித்தான்.

அபூ யஸன் எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "என் தலைமேல, என் கண்மேல" என்று ஆரம்பித்தார். "உங்க காப்பியைக் குடிங்க. நீங்க வந்த காரியம்…"

இத்திதால் கையைத் துடைத்துக்கொண்டு திரையை விலக்கி ஹாலுக்குள் போனாள். அபூ யஸன் வாய் திறந்தபடி நின்றார். ஜாஹா நடக்கிற ஹாலுக்குள் பெண்பிள்ளை வந்து நான் பார்த்ததில்லை. அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதிப் பேர் பாதி எழுந்தார்கள்.

"உபைதா" என்றாள்.

அவன் முழுசாக எழுந்து நின்றான். கை தானாக மார்புக்குப் போனது.

"நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

மச்சான் குறுக்கே வந்தார். "மகளே, சின்னப் பையன்மா, அனுபவம் இல்லாத…"

"உங்களக் கேக்கல அபூ உபைதா."

"எங்க வாப்பா விஷயம் இது" என்றான் ஷாஹிர், குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷத்தனமாக. "பாதிக்கப்பட்டது எங்க குடும்பம். நாங்களே பையனை மன்னிச்சுட்டோம்."

"மன்னிச்சீங்களா? அப்ப ஏதோ நடந்திருக்குன்னு நீங்களே சொல்றீங்க."

ஷாஹிர் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் தான் உட்கார்ந்துவிட்டது அவனுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அவள் உபைதாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கேக்கலன்னு சொல்லு. இதோ, பேனா பையிலதான் இருக்கு. இங்கயே போட்டுக் குடுத்துடறேன். நீ சொல்றத நம்பிக்கிறேன், சாட்சி கேக்க மாட்டேன். கேட்டுச்சுன்னா அதையும் சொல்லு. மறுபடி ஒரு வருஷம் என்கிட்டயே வா."

திரைக்குப் பின்னால் அக்கா என் கையை நசுக்கினாள். "கேக்கலன்னு சொல்லிடு, சொல்லிடு" என்று முணுமுணுத்தாள். என் வீட்டு மேசையில் மக்லூபா சாப்பிட்டுக்கொண்டே, உள்ளே இத்திதால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள் என்று உபைதா சொன்னதை அக்காவும்தான் கேட்டாள்.

ஒரே ஒரு வார்த்தை. பொய் சொல்வதற்குக்கூட அவனால் முடியவில்லை. சொன்னால் வரிசையில் இருக்கிற ஷாஹிருக்கும் அவன் தம்பிமாருக்கும் அது பொய் என்று தெரியும், ஏனென்றால் அதே ஹாலில் அதே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர்களும்தான் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது என்றாலோ எல்லாருக்கும்தான் கேட்டது. பெரியவர்களை அப்படி ஒரு இடத்தில் நிறுத்த உபைதாவுக்கு மனசு வராது. மரியாதை தெரிந்த பிள்ளை. மச்சானைப் பார்த்தான். மச்சான் ஷாஹிரைப் பார்த்தார். ஷாஹிர் குனிந்து, குடிக்காத தன் கோப்பையில் ஏதோ மிதப்பது போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். தோற்றுக்கொண்டே இருக்கிற நகராட்சிக்காரர் தஸ்பீஹ் மணிமாலையை உருட்ட ஆரம்பித்தார்.

உபைதாவின் தாடை இறுகியது. வீடியோவில் இறுகுமே, அதே மாதிரி. கண் மட்டும் தூரத்தில் எதையும் பார்க்கவில்லை.

"இத்திதால்…" என்றார் அபூ யஸன், கெஞ்சலாக. "வந்தவங்க காப்பி ஆறுது."

அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அவசரப்படவில்லை. வேலைக்குப் போகிற வீடுகளில் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாளே, அப்படி நின்றாள். பிறகு பேனாவைத் தொடாமலேயே நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, வாசலில் விட்டிருந்த பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.